படம் முந்தியா, புத்தகம் முந்தியா?



போன செமஸ்டரில் ஒரு நாள், ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருக்கிற புங்கமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சண்டை. மெக்கானிக்கல் நண்பன் அடித்துச் சொன்னான்: "எந்தப் படமா இருந்தாலும் முதல்ல புக்குதான்டா வந்திருக்கும். அதைப் பார்த்துதான் படம் எடுப்பான்." சிவில்காரன் விடவில்லை. "போடா, படம் ஓடுதுன்னு தெரிஞ்சாதான் காசு பார்க்க புக்கு போடுவான்." இருவரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறை. நான் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி, பாதி தப்பு என்று சொல்ல அன்றைக்கு எனக்குத் தைரியமும் இல்லை, சரக்கும் இல்லை. பிறகு தேடிப் படித்ததில் கொஞ்சம் சரக்கு சேர்ந்தது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டார்கள். விடுவேனா?

விஞ்ஞானக் கதையும் அடிதடியும் கலந்த படங்கள் நமக்கெல்லாம் பிடிக்கும். ரோபோ, ஏவுகணை, கால இயந்திரம், விண்கலம். இந்த மாதிரிப் படங்கள் வெளிவரும்போது கூடவே அதே கதையை நாவலாகவும் எழுதி வெளியிடுவது மேல்நாட்டில் பல காலமாக உள்ள வழக்கம். படத்தின் திரைக்கதையை ஓர் எழுத்தாளரிடம் கொடுத்து, "இதை நாவலாக்கு" என்பார்கள். இதற்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். ஒட்டு மாங்கன்று என்கிறோமே, அதுபோல 'ஒட்டு நாவல்' என்று இந்தக் கட்டுரைக்காக வைத்துக்கொள்கிறேன்.

நமக்கு இந்த வழக்கமே கிடையாது என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலிலும் சந்தையிலும் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். நாலு பக்கம்தான் இருக்கும். பாட்டுகளோடு கதைச் சுருக்கமும் போட்டிருப்பார்கள். கதாநாயகி வில்லனிடம் மாட்டிக்கொள்ளும் இடம் வரைக்கும் சொல்லிவிட்டு, மீதியை வெண்திரையில் காண்க என்று முடித்துவிடுவார்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் என்று முழுப் படத்தின் வசனத்தையும் போடுவார்கள். படம் பார்க்காதவர்கள் காதாலேயே பார்த்துக்கொண்டார்கள். இதையெல்லாம் விட எங்கள் களமருதூர்ப் பக்கம் நடந்தது வேறு. டென்ட் கொட்டாயில் ஒருத்தர் படம் பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் கரும்பு வெட்டுகிற இடத்தில் மற்றவர்களுக்கெல்லாம் கதை சொல்ல வேண்டும். எங்கள் அப்பா அதில் கெட்டிக்காரர்.

'விக்ரம்' படத்தை நான் முதலில் 'பார்த்தது' அப்பாவின் வாயால்தான். 2022-இல் லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'விக்ரம்' வந்தபோது, "இந்தப் பேருல பழைய படம் ஒண்ணு இருக்குதுடா" என்று ஆரம்பித்தார். அப்பா சொன்ன கதையில் திருடுபோன ஏவுகணை கரும்பு லாரியில் சோகைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு போகப்படும். பிறகு நான் பழைய படத்தைப் பார்த்தேன். கரும்பும் இல்லை, சோகையும் இல்லை! அப்பாவைக் கேட்டால் சிரிக்கிறார். "அவ்ளோ பெரிய சாமானை பின்ன எதுல எடுத்துட்டுப் போவான்? யாரும் கேப்பாங்கல்ல?" என்றார். யாரும் கேட்பார்கள் என்பதற்காகவே ஒரு லாரியைச் சேர்த்திருக்கிறார். இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் கட்டுரை முழுக்கப் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

பழைய 'விக்ரம்' 1986 மே மாதம் வெளிவந்தது. ராஜசேகர் இயக்கம், இளையராஜா இசை. கமல்ஹாசன் தாமே தயாரித்து நடித்தார். கதை சுஜாதா. 'அக்னிபுத்ரா' என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது, அதை மீட்கக் கிளம்புகிறான் உளவாளி விக்ரம். கூட ஒரு கம்ப்யூட்டர் தெரிந்த பெண். வில்லன் சத்யராஜ். முதல் பாதி முழுக்க கம்ப்யூட்டர், ஏவுகணை என்று போகிற படம், சலாமியா என்ற கற்பனை ராஜ்ஜியத்துக்குப் போனதும் அரண்மனை, ராஜா, இளவரசி, மொழிபெயர்ப்பாளராக ஜனகராஜ் என்று வேறு பாதையில் போய்விடும். ஏவுகணை கொஞ்ச நேரம் எல்லாருக்கும் மறந்தே போகும்.

இதில் நம் விஷயத்துக்கு முக்கியம் என்னவென்றால், படம் தயாராகிக்கொண்டிருந்த காலத்திலேயே இதே கதையை சுஜாதா குமுதத்தில் தொடர்கதையாகவும் எழுதினார். ஆக, மரத்தடிச் சண்டைக்கு நம் தமிழிலேயே பதில் இருக்கிறது. படமும் முந்தி இல்லை, புத்தகமும் முந்தி இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வளர்ந்த இரட்டைப் பிள்ளைகள்.

சுஜாதா என்கிற எஸ். ரங்கராஜன் நம்மைப் போல டெக்னிக்கல் ஆள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு பெற்றவர். அதே எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாமும் படித்தார். கலாம் தலைமையில் உருவான நிஜ 'அக்னி' ஏவுகணை முதல்முறை பறந்தது 1989 மே 22-ஆம் தேதி. சினிமா அக்னிபுத்ரா அதற்கு மூன்று வருஷம் முந்தியது. உடனே 'தீர்க்கதரிசி' என்று கை தட்ட வேண்டாம். நம் நாட்டின் ஏவுகணைத் திட்டம் 1983-லேயே தொடங்கிவிட்டது. நாட்டில் என்ன நடக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்த ஓர் எஞ்சினியர் கதை எழுதினார், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

தொடர்கதையையும் சினிமாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. சினிமாவில் ஏவுகணையைக் கடத்துகிறார்கள் என்றால், 'எப்படிய்யா முடியும்?' என்று நாம் யோசிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். சண்டை வரும், பாட்டு வரும். தொடர்கதை வாசகன் அப்படி இல்லை. குமுதம் அடுத்த இதழ் வர ஒரு வாரம் ஆகும். டீக்கடையில் அந்த ஒரு வாரமும் யோசிப்பான். 'காவலுக்கு ஆள் இல்லையா? அதைத் தூக்க என்ன கிரேன்?' என்று கேட்பான். அவன் கேட்பான் என்று தெரிந்து எழுத்தாளன் பதில் வைத்திருக்க வேண்டும். படம் நம் கேள்வியை விட வேகமாக ஓடுகிறது. புத்தகம் நமக்காக நிற்கிறது. நிற்கிறபடியால் மாட்டிக்கொள்கிறது!

வெளிநாட்டு உதாரணங்களுக்குப் போவதற்கு முன் இந்த 'முந்தி, பிந்தி' குழப்பத்தைக் கொஞ்சம் தீர்த்துவிடுவோம். 'ஸ்டார் வார்ஸ்' படம் வெளிவந்தது 1977 மே மாதம். அதன் நாவலோ 1976 கடைசியிலேயே கடைக்கு வந்துவிட்டது. அட்டையில் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பெயர். உள்ளே எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். நாவல் முதலில் கிடைத்தது என்பதற்காக அது மூலம் ஆகிவிடாது. திரைக்கதையைப் பார்த்து எழுதியதுதான். 'டோட்டல் ரீகால்' இன்னும் வேடிக்கை. ஃபிலிப் கே. டிக் என்பவர் 1966-இல் ஒரு சிறுகதை எழுதினார். அதிலிருந்து திரைக்கதை செய்து, அர்னால்டு நடித்து 1990-இல் படம் வந்தது. அந்தத் திரைக்கதையிலிருந்து பியர்ஸ் ஆன்டனி ஒரு நாவல் எழுதினார். அது 1989-லேயே வெளிவந்தது. சிறுகதை மாவு என்றால், படம் இட்லி, ஒட்டு நாவல் இட்லி உப்புமா. உப்புமா கேவலம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இட்லியை விட அதற்குத்தான் அடிதடி.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' என்று 1966-இல் ஒரு படம். ஒரு விஞ்ஞானிக்கு மூளையில் ரத்தக்கட்டு. வெளியிலிருந்து ஆபரேஷன் செய்ய முடியாது. அதனால் ஒரு நீர்மூழ்கிக் கப்பலையும் அதில் ஐந்து பேரையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கி, ஊசி வழியாக ரத்தத்தில் செலுத்துகிறார்கள். அறுபது நிமிஷம்தான் கெடு. அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும், இல்லையென்றால் பழைய அளவுக்குப் பெரிதாகத் தொடங்கிவிடுவார்கள். உடம்புக்குள்ளேயே பெரிதானால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் என்ன நடக்கிறது? ஐந்து பேரில் ஒருவன் துரோகி. அவனையும் கப்பலையும் ஒரு வெள்ளை அணு விழுங்கிவிடுகிறது. மற்றவர்கள் நீந்திப்போய்க் கண்ணீர் வழியாகத் தப்பிவிடுகிறார்கள். எல்லாரும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். படம் சுபம்.

கொஞ்சம் நில்லுங்கள் தோழர்களே! கப்பல் உள்ளேயே இருக்கிறதே?

வெள்ளை அணு விழுங்கிவிட்டால் கப்பல் காணாமல் போய்விடுமா? நொறுங்கித் தூளானாலும் அந்த அணுக்கள் அத்தனையும் அங்கேயேதானே இருக்கும்? அறுபது நிமிஷம் முடிந்ததும் அவையும் பெரிதாகத்தானே வேண்டும்? அப்படியானால் அந்த விஞ்ஞானியின் கதி? தியேட்டரில் யாரும் கேட்கவில்லை. கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

கேட்டவர் ஒருவர் உண்டு. இந்தப் படத்தின் ஒட்டு நாவலை எழுதும் வேலை ஐசக் அசிமோவிடம் வந்தது. அவர் வேதியியல் படித்தவர், பேராசிரியர். திரைக்கதையைப் படித்ததும் இந்த ஓட்டை அவர் கண்ணில் பட்டுவிட்டது. நாவலில் மாற்றிவிட்டார். அவருடைய நாவலில் கப்பலை விழுங்கிய வெள்ளை அணுவைத் தங்கள் பின்னாலேயே துரத்தி வரும்படி செய்து, கண் வழியாக அதையும் சேர்த்து வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். கடைசியில் பெரிதாவது கப்பலின் உடைசல், வெளியே! கதை அதேதான். ஆனால் இப்போது கணக்கு நேராகிவிட்டது.

இதில் இன்னொரு கூத்து. அசிமோவ் வேகமாக எழுதிக் கொடுத்துவிட்டார், படமோ இழுத்துக்கொண்டே போயிற்று. நாவல் சில மாதங்கள் முன்னாலேயே வெளிவந்துவிட்டது. ஆகவே ஜனங்கள் எல்லாரும் 'அசிமோவ் கதையைத்தான் படமாக எடுத்திருக்கிறார்கள், அதிலும் முடிவைக் கெடுத்துவிட்டார்கள்' என்று நினைத்தார்கள். நம் மெக்கானிக்கல் நண்பன் அங்கே இருந்திருந்தால் பந்தயத்தில் ஜெயித்திருப்பான், தப்பான பதிலுக்கு. அசிமோவுக்கு அப்படியும் மனசு ஆறவில்லை. சுருக்கினால் எடை எங்கே போகும் என்பது போன்ற கேள்விகள் இருந்துகொண்டே இருந்தன. 1987-இல் அதே கருவை வைத்துத் தம் இஷ்டப்படி வேறொரு நாவலே எழுதினார். இருபத்தோரு வருஷம் கழித்து! அரியர் பேப்பரை விடாமல் எழுதுகிற நம் சீனியர்கள் சிலர் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

அடுத்தது, எங்கள் வீட்டிலேயே நடந்த கதை. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற படம். 1968-இல் வந்தது. இயக்கியவர் ஸ்டான்லி குப்ரிக். அவரோடு உட்கார்ந்து கதை செய்தவர் ஆர்தர் சி. கிளார்க். இவர் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்றே சொல்லலாம். 1956-இலேயே இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் காலமாகும் வரைக்கும் அங்கேதான் இருந்தார். சுஜாதா மறைந்தது அதே 2008-இல், பிப்ரவரி 27. சரியாக மூன்று வாரம்தான் வித்தியாசம். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோளை நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்து சுற்றும், அதைத் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதிய அதே கிளார்க்தான். கம்யூனிகேஷன் பேப்பர் எழுதியவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

இந்தப் படத்தைப் போனில் போட்டு அப்பாவோடு பார்த்தேன். முதல் இருபது நிமிஷத்துக்கு மேல் ஒரு வசனம் கிடையாது. "சவுண்டு வரலியாடா?" என்று அப்பா இரண்டு தரம் கேட்டார். அப்புறம் விண்கலம் கிளம்பியது. அதை ஓட்டுவது ஹால் 9000 என்ற கம்ப்யூட்டர். தப்பே செய்யாத கம்ப்யூட்டர் என்று பெயர் வாங்கியது. அது திடீரென்று கூட வந்த மனிதர்களை ஒவ்வொருவராகக் கொல்ல ஆரம்பிக்கிறது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி விண்வெளி வீரன் அதன் மூளைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிற காட்சியில், அது பயமாக இருக்கிறது என்று கெஞ்சும்போது, "பாவம்டா" என்றார். படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த மெஷினுக்கு இன்னாடா கோவம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல்முதலாகப் படிப்பவன் நான். படித்த பிள்ளை என்றால் எதைக் கேட்டாலும் தெரியும் என்று வீட்டில் நினைக்கிறார்கள். படத்தை இன்னொரு தரம் போட்டுப் பார்த்தேன். படத்தில் பதில் இல்லை. குப்ரிக் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறார்.

நாவலில் இருக்கிறது. கிளார்க் அந்தக் கதையைப் படத்தோடு சேர்த்தே நாவலாகவும் எழுதி வந்தார். படம் வந்த சில மாதங்களில் அதே ஆண்டு நாவலும் வந்தது. எங்கள் ஆங்கில ஆசிரியர் தம் பிரதியைக் கொடுத்தார். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன். பயணத்தின் உண்மையான நோக்கம் ஹாலுக்குத் தெரியும். விழித்திருக்கும் இரண்டு வீரர்களுக்கும் சொல்லக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. ஆனால் ஹால் செய்யப்பட்டதே தகவலைச் சரியாக, மறைக்காமல், திரிக்காமல் தருவதற்காக. மறைக்காதே என்று ஓர் உத்தரவு, மறை என்று ஓர் உத்தரவு. இரண்டையும் சேர்த்து நிறைவேற்ற முடியாமல் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு, தப்பு செய்ய ஆரம்பிக்கிறது. தன்னை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கொலையில் போய் முடிகிறது. கோபமே இல்லை!

நம் எலெக்ட்ரிகல் லேபில் மோட்டாரை முன்னும் பின்னும் சுற்றவைக்கும் சர்க்யூட் போட்டிருப்பீர்கள். ஃபார்வர்ட் கான்டாக்டர் ஒன்று, ரிவர்ஸ் கான்டாக்டர் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஃபேஸும் ஃபேஸும் ஷார்ட், ஃப்யூஸ் காலி. அதனால் ஒன்றின் காயிலுக்குப் போகும் சப்ளையை இன்னொன்றின் என்.சி. கான்டாக்ட் வழியாகக் கொண்டுபோவோம். இன்டர்லாக் என்கிறோம். முதல் உத்தரவு நடந்துகொண்டிருக்கும்போது எதிர் உத்தரவு உள்ளேயே நுழைய முடியாது. ஹாலைச் செய்தவர்கள் இன்டர்லாக் போடாமல் இரண்டு பட்டனையும் அழுத்திவிட்டார்கள்.

அப்பாவிடம் கான்டாக்டர் என்று சொல்லாமல், மோட்டார் கொட்டாயில் ஸ்டார்ட்டரை உதாரணம் காட்டி விளக்கினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "ரெண்டு மேஸ்திரி கிட்ட மாட்டினவன் கதைன்னு சொல்லு" என்றார். கரும்பு வெட்டுகிற இடத்தில் ஒரு மேஸ்திரி இந்த வயலை முடி என்பான், இன்னொருவன் அதை விட்டுவிட்டு அந்த வயலுக்கு வா என்பான். நடுவில் மாட்டிய ஆளுக்குக் கத்தி எங்கே போகிறது என்றே தெரியாதாம். முந்நூறு பக்கம் போல இருக்கும் நாவலுக்கு இதைவிடச் சின்ன விளக்கம் நான் கேட்டதில்லை.

ஆனால் இந்த ஒரு காரணத்துக்காக நாவல்தான் உசத்தி என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. படத்தில் இரண்டு வீரர்களும் ஹாலுக்குக் கேட்காதபடி ஒரு சின்ன வாகனத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியம் பேசுவார்கள். ஹாலின் சிவப்புக் கண் கண்ணாடி வழியாக அவர்களின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருக்கும். சத்தமே இல்லை. உதட்டசைவைப் படிக்கிறது என்று நமக்குப் புரியும்போது முதுகில் சில்லென்று ஆகும். இந்தக் காட்சி நாவலில் இல்லை. அங்கே தேவையும் இல்லை. ஹாலின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எழுத்தில் நேராகவே சொல்லிவிடலாமே! மனசைக் காட்ட முடியாத கேமரா, கண்ணையும் உதட்டையும் வைத்துச் சமாளிக்கிறது. சமாளிப்பு அசலைவிடப் பயங்கரமாக அமைந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாவலில் விண்கலம் சனி கிரகம் வரை போகிறது. படத்தில் வியாழனோடு சரி. காரணம் விஞ்ஞானம் இல்லை, செட்டு வேலை. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் செய்துகாட்ட அன்றைக்கு அவர்களால் முடியவில்லை. எழுத்தில் வளையம் போட மை மட்டும் போதும். ஆனால் கடைசியில் யார் ஜெயித்தது தெரியுமா? 1982-இல் கிளார்க் அடுத்த பாகத்தை எழுதியபோது, தம் சொந்த நாவலை விட்டுவிட்டு, படத்தில் வந்த வியாழனையே வைத்துத் தொடர்ந்தார். எல்லார் மனசிலும் பதிந்தது படம்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒட்டு நாவல் படத்தைத் திருத்தலாம், படமும் நாவலைத் திருப்பித் திருத்தும்.

படம் வாயே திறக்காமல் விஞ்ஞானம் சொல்லும் இடமும் இருக்கிறது. ஜேம்ஸ் கேமரூனின் 'டெர்மினேட்டர் 2', 1991. அதற்கும் அதே ஆண்டில் ரேண்டல் ஃப்ரேக்ஸ் எழுதிய ஒட்டு நாவல் உண்டு. வில்லன் டி-1000 உருகிய உலோகத்தால் ஆனவன். ஆஸ்பத்திரியில் ஒரு கம்பிக் கதவு. அவன் பாட்டுக்குக் கம்பிகளுக்கு நடுவே பாகு மாதிரி வழிந்து மறுபக்கம் போய்விடுவான். கையில் உள்ள துப்பாக்கி மட்டும் கம்பியில் 'டங்' என்று இடித்து நிற்கும்! அவன் உடம்பு உருகும், துப்பாக்கி உருகாது. திருப்பிப் பிடித்து நைசாக உருவிக்கொள்வான். ஒரே ஒரு நொடி. இதை எழுத்தில் விளக்க எத்தனை வரி வேண்டும் பாருங்கள், நானே ஆறு வரி எழுதிவிட்டேன். கேமரூனுக்கு அப்பாவின் புத்தி. யாராவது கேட்பார்கள் என்று தெரிந்து, கேட்பதற்கு முன்பே துப்பாக்கியை இடிக்கவைத்துவிட்டார்.

நம்ம ஊருக்குத் திரும்புவோம். 'எந்திரன்' (2010) படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே யாராவது, 'அது சுஜாதாவோட என் இனிய இயந்திராதான்' என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டு நூலகத்தில் எடுத்தேன். படித்தால் வேறு உலகம்! 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை அது. நடப்பது 2020-களின் தொடக்கத்தில். அதாவது நாம் தாண்டி வந்த வருஷங்களில். நாட்டை ஜீவா என்று ஒருவர் ஆள்கிறார். எல்லாருக்கும் நிலா, சிபி, ரவி, மனோ என்று இரண்டே எழுத்தில் பெயர். பிள்ளை பெற்றுக்கொள்ளவும் அரசாங்கத்திடம் அனுமதி. நிலாவின் புருஷன் சிபி காணாமல் போகிறான். அவளுக்குத் துணை, ஜீனோ என்ற இயந்திர நாய். புத்தகம் படிக்கிற, எதிர்வாதம் செய்கிற நாய். ஜீவா உண்மையில் யார் என்பதைப் பாட்டுப் புத்தகக்காரர் மாதிரி நானும் சொல்லமாட்டேன், மீதியை நூலகத்தில் காண்க.

எந்திரனில் ஜீனோவும் இல்லை, ஜீவாவும் இல்லை. வசீகரன், சனா, சிட்டி என்று வேறு கதை. சுஜாதா அந்தப் படத்தில் வேலை செய்தார் என்பது உண்மை. வசனத்தில் ஷங்கர், மதன் கார்க்கி இவர்களோடு அவர் பெயரும் இருக்கிறது. படம் முடியும் வரை அவர் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: சொன்னதைச் செய்ய வேண்டிய இயந்திரம் தானாக யோசிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. ஜீனோவிடம் அந்த மாற்றம் பக்கம் பக்கமாக, சின்னச் சின்னப் பேச்சில் வருகிறது. சிட்டிக்கு ஒரு சிவப்புச் சிப்பைச் செருகியதும் மாறிவிடுகிறது. ரஜினி அந்தச் சிரிப்பு சிரிக்கும்போது நமக்குச் சிப்பைப் பற்றிக் கேட்கத் தோன்றவே தோன்றாது. அது ரஜினியின் சாமர்த்தியம், சர்க்யூட்டின் சாமர்த்தியம் இல்லை.

'2.0' (2018) படம் வெளிவரும் சமயம் செல்போன் கம்பெனிகளின் சங்கமே புகார் கொடுத்தது. செல்போன் அலைகளால் பறவைகள் சாகின்றன என்று நிரூபணம் இல்லாததைப் படம் சொல்கிறது என்பது அவர்கள் வாதம். படம் பார்த்த கூட்டத்தில் எத்தனை பேர் 'எந்த அலைவரிசை, எவ்வளவு வாட்?' என்று கேட்டிருப்போம்? வானத்தில் ஆயிரக்கணக்கான போன்கள் பறவையாகப் பறந்ததைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். நாவலாக வந்திருந்தால் யாராவது ஒருவர் பக்கத்தை மடக்கி வைத்துவிட்டுக் கேட்டிருப்பார். '24' (2016) படத்தில் சூர்யா கையில் கட்டியிருக்கும் கடிகாரம் காலத்தையே நிறுத்துகிறது. எப்படி நிறுத்துகிறது? காலம் நின்றால் காற்று நிற்குமா, நின்ற காற்றை அவர் எப்படி மூச்சாக இழுக்கிறார்? விக்ரமுக்கு நடந்தது நம்மிடம் வழக்கமாகவே ஆகவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். படம் தயாராகிற செலவில் ஒட்டு நாவலுக்கு ஆகும் செலவு போஸ்டர் பசைக்குக்கூடக் காணாது. ஒரு சுஜாதா உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதியிருந்தால், பாதியிலே நின்ற எத்தனையோ அப்பாக்களின் கேள்விக்கு என்னைப் போன்ற பிள்ளைகள் பதில் சொல்லியிருக்கலாம்.

எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு படிப்பது என்று கேட்டால், என் கட்சி இது: முதலில் படம். சும்மா வாயைப் பிளந்து பாருங்கள். ராத்திரி படுக்கும்போது எந்தக் கேள்வி தூங்கவிடாமல் குடைகிறதோ, அதை எடுத்துக்கொண்டு புத்தகத்துக்குப் போங்கள். ஆங்கிலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒட்டு நாவலில் கதை நமக்கு முன்பே தெரியும், ஆகவே தெரியாத வார்த்தையைத் தாண்டிப் போனாலும் வழி தப்பாது. முதல் ஆங்கில நாவல் படிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் எந்திரன் டி.வி.யில் போட்டான். கடைசியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பந்தாக உருளும், பாம்பாக நெளியும். அப்பா வழக்கம் போலக் கேட்டார்: "எப்படிடா ஒட்டுது? எப்படிடா பிரியுது?" காந்தம் என்றேன். "காந்தம்னா தள்ளவும் செய்யுமே" என்றார். நியாயம்தானே? வடதுருவத்துக்கு வடதுருவம் தள்ளும். எல்லாரும் மின்காந்தம் என்றால், யார் எந்தக் கணத்தில் எந்தத் துருவம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? பழைய லேப் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் அந்த ஒரு காட்சிக்கு மட்டும் ஒட்டு நாவல் எழுத ஆரம்பித்திருக்கிறேன். மூன்று பக்கம் வந்திருக்கிறது. நாலாம் பக்கத்தில், ஒரு சிட்டியின் கை இன்னொரு சிட்டியின் எடையைத் தாங்க எத்தனை ஆம்பியர், எத்தனை சுற்று வேண்டும் என்ற இடத்தில் நின்றுபோயிருக்கிறது. மெஷின்ஸ் லேப் சாரைக் கேட்டேன். "எடை எவ்வளவு, ஏர் கேப் எவ்வளவுன்னு முதல்ல நீ முடிவு பண்ணு, அப்புறம் வா" என்றார்.

— இரண்டாம் ஆண்டு, எலெக்ட்ரிகல் பிரிவு